எங்கள் பிள்ளைகளின் தேர்வு நாட்காட்டியை ஒருமுறை பாருங்கள்: பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கை அலுவலகங்கள்; பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பங்களை நடத்தும் யூகாஸ் அமைப்பு, செல்ட்டனம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நடக்கும் கல்லூரித் தரப் பாடத் தேர்வுகள்தான் ஏபி; அவற்றில் உச்ச மதிப்பெண் 5. மூன்று ஏபி தேர்வுகளில் 5 என்று இருந்த உங்களில் ஒருவரின் தகுதி நிபந்தனை, இந்த இலையுதிர்காலத்தில் நான்கு தேர்வுகளில் 5 என்று ஆனது. இணையதளத்தில் மாறியது ஒரே ஓர் எண்தான். எப்போது முதல் என்ற தேதி இல்லை, முன்னறிவிப்பு இல்லை, ஏற்கனவே பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டவர்களுக்கு விலக்கும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் மற்றவர்கள் "நாங்கள் இல்லை" என்று நிம்மதியாகிவிடுவீர்கள். இதே காரியம் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு இடங்களில் நடந்திருக்கிறது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படித்துவிட்டு உங்களிடம் விண்ணப்பிக்கும் மாணவர்களின் பெற்றோரும், அவர்களுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுகிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஆங்கில வடிவம் தனியாக உங்களுக்கு வந்து சேரும். தமிழில் எழுதக் காரணம், நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் அடுத்த ஆண்டு இதே வேலையில் இறங்கப்போகும் தமிழ்க் குடும்பங்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதே.

மூன்று நான்கானால் என்ன, இன்னொரு தேர்வு எழுதிவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். அமெரிக்கப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் என்ன படிப்பது என்பதைப் பதினொன்றாம் வகுப்பின் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே மாணவர் முடிவு செய்தாக வேண்டும். அதை வைத்துத்தான் பள்ளி கால அட்டவணை போடுகிறது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கிய பிறகு ஏபி வேதியியலில் ஓர் இடம் கேட்டால், இடம் இருக்காது. இருந்தாலும் முந்தைய பாடத்தை முடித்திருக்க வேண்டும் என்பார்கள். தேர்வை மட்டும் எழுதுகிறேன் என்றாலும் மாணவர் தானே, ஏபியை நடத்தும் கல்லூரி வாரியத்தில் பணம் கட்டி எழுத முடியாது. பள்ளியின் ஏபி ஒருங்கிணைப்பாளர்தான் வினாத்தாளுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். அதற்கான கெடு நவம்பர் நடுப்பகுதி. அதைத் தாண்டினால் மார்ச் நடுப்பகுதி வரை, ஒரு தேர்வுக்கு 40 டாலர் தாமதக் கட்டணம். மார்ச்சுக்குப் பின் கதவு மூடியதுதான். படிக்கும் பள்ளியில் அந்தத் தேர்வே இல்லையென்றால், வெளி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இன்னொரு பள்ளியைத் தேடிப் போக வேண்டும். அப்படிப்பட்ட பள்ளிகள் பலவும் செப்டம்பர், அக்டோபரிலேயே பட்டியலை மூடிவிடும்.

இந்த நாட்காட்டியை உங்கள் நாட்காட்டியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு அக்டோபர் 15 மாலை 6 மணி கெடு. மற்றவற்றுக்கு ஜனவரி, 2026 சேர்க்கைக்கு அது ஜனவரி 14 என்று முன்னே நகர்ந்தது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் ஜனவரிக்குள் முடிவைச் சொல்லிவிடுகின்றன, அதற்கு நன்றி. மற்றவர்களுக்கு யூகாஸ் தரும் கெடு மே நடுப்பகுதி. ஏபி தேர்வுகள் நடப்பதோ மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில். அதாவது "கால்குலஸ் பிசி என்ற கணித ஏபியில் 5, இன்னும் இரண்டு அறிவியல் ஏபிகளில் 5" என்ற நிபந்தனையோடு ஓர் ஆஃபர், அந்தத் தேர்வுகள் நடந்து முடிந்த வாரத்தில் வந்து சேரலாம். வந்தும் இருக்கிறது. தாலி கட்டியான பிறகு ஜாதகம் கேட்பது போன்றது இது.

அடுத்தது மே 1. அமெரிக்கக் கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர் அன்றைக்குள் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்ய வேண்டும். ஏபி மதிப்பெண் வருவதோ ஜூலை முதல், இரண்டாம் வாரத்தில். நடுவே இரண்டு மாதம். உங்கள் நிபந்தனை நிறைவேறுமா என்று தெரியாத குடும்பம் இரண்டு படகிலும் கால் வைத்துக்கொண்டு நிற்கிறது: அமெரிக்கக் கல்லூரிக்குக் கட்டிய முன்பணம் திரும்ப வராது, அதைக் கட்டாமல் உங்களை நம்பி இருந்தால் ஜூலையில் கையில் ஒன்றும் இல்லாமல் போகலாம். இதில் வேதனையான பகுதி, தேவையான ஏபிகளைப் பத்தாம், பதினொன்றாம் வகுப்புகளிலேயே முடித்துவிட்ட மாணவர்களும் இப்படி நிற்பதுதான். மூன்று பாடங்களில் 5 எடுத்து, மதிப்பெண் பட்டியலும் கையில் இருக்கும் மாணவருக்குக்கூட, பன்னிரண்டாம் வகுப்பில் எழுதப்போகும் இன்னும் இரண்டு ஏபிகளில் இவ்வளவு வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறீர்கள். பிரிட்டிஷ் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் மூன்று பாடமும் ஒரே கோடையில் முடிவதால் அந்தப் பழக்கம் உங்களுக்கு. ஏபி அப்படியல்ல, ஒவ்வொன்றும் ஓராண்டுப் பாடம், தயாரானபோது எழுதி முடிப்பது.

நிபந்தனையைத் தவறவிட்டால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். ஏ லெவலில் ஒரு கிரேடு குறைந்தால், பல்கலைக்கழக இடம் காத்திருக்கிறது என்பதற்காகவே முன்னுரிமை மறுமதிப்பீடு கேட்கலாம். ஏபியில் எழுத்து விடைகளுக்கு மறுமதிப்பீடு என்பதே கிடையாது. ஒருவர் 5க்குப் பதில் 4 வாங்கினால் அடுத்த வாய்ப்பு அடுத்த மே மாதம்தான். 5, 5, 4 வாங்கிய மாணவருக்கு என்ன செய்வீர்கள் என்பது எந்தப் பக்கத்திலும் எழுதியிருப்பதில்லை. தொலைபேசியில் கேட்டால் ஒருவர் ஒன்று சொல்கிறார், மறுநாள் எடுப்பவர் வேறொன்று சொல்கிறார்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஆக்ஸ்போர்டு நான்கு ஏபிகளில் 5 கேட்கிறது, அல்லது மூன்று ஏபிகளில் 5உம் அதோடு எஸ்ஏடி அல்லது ஏசிடி என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும். கேம்பிரிட்ஜ் ஐந்து ஏபிகளில் 5 கேட்கிறது. மற்ற இடங்களில் மூன்றும் உண்டு, ஐந்தும் உண்டு. யூகாஸின் சொந்தப் புள்ளிப் பட்டியலில், முதல் பிரிவு ஏபியில் 5 வாங்கினால் 28 புள்ளி. ஏ லெவலின் உச்ச கிரேடான ஏ ஸ்டாருக்கு 56. அப்படியென்றால் மூன்று ஏ ஸ்டாருக்கு ஆறு ஏபி. அப்படி யாரும் கேட்பதில்லை, நல்லவேளை. ஆனால் மூன்றும் நான்கும் ஐந்தும் எந்தக் கணக்கிலிருந்து வந்தன என்று உங்களில் ஒருவரும் விளக்கியதில்லை. ஒரு தேர்வுக்கு அமெரிக்காவுக்குள் 99 டாலர், வெளிநாட்டு மையங்களில் 129 டாலர். சென்னையில் அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இந்த இரண்டாவது விலையைத்தான் கொடுக்கிறது.

எந்தப் பாடம் எண்ணிக்கையில் சேரும் என்பது இதைவிடச் சிக்கல். கால்குலஸ் ஏபி, கால்குலஸ் பிசி இரண்டையும் எழுதினால் ஒன்றாகத்தான் எண்ணப்படும். இது நியாயம், பிசியின் பாடத்துக்குள் ஏபி முழுவதும் அடக்கம். (பெயரிலேயே குழப்பம்: தேர்வுத் திட்டத்தின் பெயர் AP, அதிலுள்ள ஒரு கணிதப் பாடத்தின் பெயர் AB; தமிழில் எழுதினால் இரண்டும் ஏபி. தொலைபேசியில் இதைத் தெளிவுபடுத்தவே ஐந்து நிமிடம் போகிறது.) இயற்பியலில்தான் பிள்ளைகள் பெரிதும் ஏமாறுகிறார்கள். பள்ளியில் இருப்பது பெரும்பாலும் இயற்பியல் 1. அதில் கால்குலஸ் கிடையாது. பொறியியலுக்கு நீங்கள் எதிர்பார்ப்பதோ இயற்பியல் சி. அதிலும் இயக்கவியல், மின்காந்தவியல் என்று இரண்டு தனித்தனித் தேர்வுகள். இரண்டையும் எழுதினால் அவை இரண்டா ஒன்றா? ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விடை தருகிறது. நுண்பொருளாதாரம், பேரியல் பொருளாதாரம் இரண்டுக்கும் இதே கதிதான். ஏபி பாடங்களிலேயே செமினார், ரிசர்ச், 2024 மே மாதம் முதன்முதலாகத் தேர்வு நடந்த பிரீகால்குலஸ் ஆகியவை பல இடங்களில் எண்ணிக்கையிலேயே சேர்வதில்லை. இந்தத் தகவல் இணையதளத்தின் எந்த மூலையிலோ சிறிய எழுத்தில் இருக்கும். சில இடங்களில் அதுவும் இருக்காது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் நான்கு என்று நினைத்தது உங்கள் கணக்கில் இரண்டரை என்று தெரிகிறது.

ஏபியே இல்லாத பள்ளிகளில் படிப்பவர்கள் நிலை இன்னும் மோசம். முன்பு இவர்களுக்கு ஒரு வழி இருந்தது: எஸ்ஏடி பாடத் தேர்வுகள். பள்ளியில் ஏபி இல்லாவிட்டாலும் கணிதம் நிலை 2, வேதியியல், இயற்பியல் என்று தனியாக எழுதிவிட்டு உங்களிடம் வரலாம். 2021 ஜனவரியில் கல்லூரி வாரியம் அவற்றை நிறுத்திவிட்டது. வெளிநாடுகளில் அந்த ஆண்டு ஜூனோடு முடிந்தது. நீங்கள் செய்ததெல்லாம் உங்கள் பக்கத்திலிருந்து அந்த வரியை நீக்கியதுதான். அதன் இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. இதற்குள் நல்ல பெயருள்ள பள்ளிகளே ஏபியைக் கைவிடத் தொடங்கியிருந்தன. வாஷிங்டன் பகுதியின் எட்டுத் தனியார் பள்ளிகள் 2018இலேயே கூட்டாக அதை அறிவித்தன. வசதியான அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் எப்படியாவது சமாளிப்பார்கள். இரண்டே இரண்டு ஏபி நடத்தும் சிறு ஊர் அரசுப் பள்ளி மாணவருக்கு நீங்கள் காட்டும் வழி பட்டப்படிப்புக்கு முந்தைய ஃபவுண்டேஷன் ஆண்டு, அதாவது இன்னும் ஓராண்டுக் கட்டணம். உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் கால்குலஸும் இயற்பியலும் படித்து, கல்லூரி மதிப்பெண் பட்டியலே வைத்திருக்கும் மாணவருக்கும் இதே பதில்தான் வருகிறது.

எஸ்ஏடி பற்றி ஒரு வார்த்தை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் எதுவும் எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண்களைப் பார்ப்பதே இல்லை. அதனால் அந்த மாநிலத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பலர் அதை எழுதுவதும் இல்லை. ஏசிடியில் 2025 முதல் அறிவியல் பகுதி விருப்பத் தேர்வாகிவிட்டது. மொத்த மதிப்பெண்ணில் அது சேராது. அறிவியல் படிப்புக்கு விண்ணப்பிப்பவர் அந்தப் பகுதியை எழுத வேண்டுமா என்பதற்கு உங்களில் பலரின் பக்கத்தில் பதில் இல்லை.

யூகாஸுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும்.

எழுதப்போகும் தேர்வுகளுக்குக் கணிப்பு மதிப்பெண் கேட்கிறீர்கள். பிரிட்டனில் அதைப் போடுவது ஆசிரியரின் வழக்கமான வேலை. அமெரிக்காவில் அப்படியொரு வழக்கமே இல்லை. வகுப்பில் ஏ கொடுப்பவர் ஆசிரியர். 5 கொடுப்பது கல்லூரி வாரியம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது ஆசிரியருக்கும் தெரியும், ஆகவே எழுத்தில் கொடுக்கத் தயங்குகிறார். பரிந்துரைக் கடிதத்தைப் பெரும்பாலும் எழுதுவது பள்ளிக் கவுன்சிலர், அதாவது மாணவர் ஆலோசகர். 250 மாணவருக்கு ஒரு கவுன்சிலர் என்பது அவர்களுடைய தொழில்முறை அமைப்பின் பரிந்துரை. பல மாநிலங்களில் ஒருவர் தலையில் அதைவிட மிக அதிகம். அவருக்கு யூகாஸ் ஆண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தாளி. பள்ளி உங்களிடம் பதிவு செய்திராததால் மாணவர் தனி விண்ணப்பதாரராகச் செல்கிறார். கவுன்சிலருக்கு ஓர் இணைப்பு மின்னஞ்சலில் போகிறது. அது குப்பைப் பெட்டியில் விழுந்தால் அக்டோபர் 15 தாண்டிவிடும். பெற்றோருக்கு ஒரு குறிப்பு: பரிந்துரையின் மூன்று பகுதிகளில் முதலாவது பள்ளியைப் பற்றியது. "இந்தப் பள்ளியில் இத்தனை ஏபிகளே நடத்தப்படுகின்றன, இயற்பியல் சி இல்லை" என்பதை அங்கே எழுதும்படி கவுன்சிலரிடம் ஆகஸ்டிலேயே கேட்டுவிடுங்கள். மாணவரின் 4,000 எழுத்து சுய அறிக்கையை இதற்காக வீணாக்க வேண்டாம்.

பிறகு பெயர். கல்லூரி வாரியத்தின் மதிப்பெண் அறிக்கையில் உங்கள் பத்து இலக்க அடையாள எண் இருக்காது. பெயரும் பிறந்த தேதியும் வைத்துப் பல்கலைக்கழக அலுவலர் கையால் பொருத்துகிறார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, முழுப் பெயரும் ஒரே கட்டத்தில். அதனால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் "எஃப்என்யூ", அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அச்சாகிறது. சில பள்ளிகள் அதையே பள்ளி மதிப்பெண் பட்டியலில் ஏற்றிவிடுகின்றன. கல்லூரி வாரியக் கணக்கில் பிள்ளை தன் பெயரோடு அப்பா பெயரைச் சேர்த்து எழுதியிருக்கும். யூகாஸில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. மூன்று ஆவணம், மூன்று பெயர், ஒரே பிள்ளை. ஜூலையில் மதிப்பெண் அனுப்பியும் "இன்னும் வரவில்லை" என்று ஆகஸ்ட் வரை பதில் வருவதற்கு இது போதும். மதிப்பெண் அனுப்புவதில் ஆண்டுக்கு ஒன்றுதான் இலவசம், அதையும் ஜூன் 20க்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற ஒவ்வொன்றுக்கும் 15 டாலர். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இரண்டு பல்கலைக்கழகத்தை வைத்துக்கொள்ள இடம் தருவதும் உங்கள் விதிதான்.

பாஸ்போர்ட் என்றதும் ஆங்கிலத் தகுதி நினைவுக்கு வருகிறது; இது மீண்டும் பல்கலைக்கழகங்களுக்கு. அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவரைச் சார்ந்தோருக்கான எச்-4 விசாவில் இருக்கும் குடும்பத்தில் மூத்த பிள்ளை இந்தியாவில் பிறந்தது, இளையது அமெரிக்காவில் பிறந்தது. இருவரும் பாலர் வகுப்பிலிருந்து ஒரே பள்ளி, ஒரே ஆங்கிலம். அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ள இளையவரிடம் ஆங்கிலச் சான்று கேட்பதில்லை. மூத்தவரிடம் ஐஇஎல்டிஎஸ் கேட்கிறீர்கள். பட்டப்படிப்புக்கு வரும் மாணவரின் ஆங்கிலத்தைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளும் உரிமையை உங்கள் உள்துறை, நற்பதிவுள்ள பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. ஆங்கில இலக்கியத்தில் ஏபி 5 வைத்திருக்கும் பிள்ளையை, "உங்கள் ஊரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள்" என்று உட்கார வைக்கும் தேர்வுக்கு அனுப்புவதற்கு என்ன பெயர் வைப்பது?

நாங்கள் கேட்பவை இவை.

ஏபி நிபந்தனைகளை மாற்றுவது உங்கள் உரிமை. மாற்றுவதானால் பதினொன்றாம் வகுப்பு மாணவர் பாடம் தேர்ந்தெடுப்பதற்கு முன் மாற்றுங்கள்: 2028 சேர்க்கைக்கான நிபந்தனை 2027 ஜனவரி முடிவதற்குள் தேதியுடன் வெளியாக வேண்டும். அதன் பிறகு அந்தச் சேர்க்கை முடியும்வரை கூட்டக் கூடாது.

எந்த ஏபி எண்ணிக்கையில் சேரும், எந்த இரண்டு சேர்ந்து ஒன்று, எது சேரவே சேராது என்பதை ஒரே பட்டியலாக, ஒவ்வொரு படிப்பின் பக்கத்திலும் போடுங்கள். ஏசிடி அறிவியல் பகுதி தேவையா என்பதும் அதிலேயே இருக்கட்டும். 5, 5, 4 வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

விண்ணப்பிக்கும்போதே நிபந்தனையை நிறைவேற்றிவிட்ட மாணவருக்கு, ஹைஸ்கூல் டிப்ளமோ பெற வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை வைக்காதீர்கள். அந்த ஆஃபர் ஏப்ரல் முடிவதற்குள் வரட்டும். இன்னும் ஏபி எழுத வேண்டியவர்களுக்குப் பிப்ரவரி இறுதிக்குள் சொல்லிவிடுங்கள். மார்ச் கெடுவுக்குள் 40 டாலர் கட்டியாவது பதிவு செய்வார்கள். பதிவு செய்யாத தேர்வை நிபந்தனையாக வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

ஏபி இல்லாத பள்ளி மாணவரிடம், சமுதாயக் கல்லூரிப் பாடங்களையோ உங்கள் சொந்த நுழைவுத் தேர்வையோ மாற்றாக ஏற்பீர்களா இல்லையா என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை. விண்ணப்பக் கட்டணம் மிச்சமாகும்.

ஆங்கிலத் தகுதியைப் படித்த ஆண்டுகளை வைத்து முடிவு செய்யுங்கள், பாஸ்போர்ட்டை வைத்து வேண்டாம்.

யூகாஸ், விண்ணப்பத்தில் கல்லூரி வாரிய அடையாள எண்ணுக்கும், ஆவணங்களில் உள்ள வேறு பெயர் வடிவங்களுக்கும் தனிக் கட்டங்கள் கொடுக்க வேண்டும். கணிப்பு மதிப்பெண் தரும் வழக்கம் இல்லாத பள்ளிக்கு அதைக் குறிப்பிட ஒரு தேர்வுப் பெட்டி வேண்டும்; அதைத் தொட்டதற்காக எந்த மாணவரும் பின்னுக்குத் தள்ளப்படக் கூடாது.

இந்த ஆண்டு நான்கு என்று மாற்றிய பல்கலைக்கழகத்துக்குத் தனியாக ஒன்று: இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்களுக்குப் பழைய மூன்றே பொருந்தும் என்று நவம்பர் முதல் வாரத்துக்குள் அறிவியுங்கள். இரண்டாவது வாரத்தில் பள்ளிகள் தேர்வுப் பட்டியலை அனுப்பிவிடும்.